பழைய முகம் கட்டின கார்

1

இந்த மெல்பர்ன் ஊரில் பெட்ரோலை நாமேதான் போட்டுக்கொள்ள வேண்டும். ஆள் வந்து போட்டுவிட மாட்டான். போன வாரம் என் மகள் செல்வி இறங்கிப் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தாள். நான் காருக்குள் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வண்டிக்காரர், அவருக்கும் எழுபதுக்கு மேல் இருக்கும், தன் வண்டியை அப்படியே விட்டுவிட்டு எங்கள் காரை இரண்டு சுற்றுச் சுற்றினார். பிராகாரம் சுற்றுகிற மாதிரி நிதானமாகச் சுற்றினார். இது எந்த வருசத்து வண்டி என்று செல்வியிடம் கேட்டார். முகம் ஒரு வருசம், உடம்பு இன்னொரு வருசம் என்றாள் அவள். அப்படியானால் அசல் இல்லையா என்றார். இல்லை, நாங்கள் செய்தது என்றாள். அவர் முகம் சுருங்கும் என்று பார்த்தேன். சுருங்கவில்லை. ஜன்னல் வழியாகக் குனிந்து, என் சீட்டுத் தையலை ஒரு விரலால் தொட்டுப் பார்த்து, 'நாங்கள்' என்றால் யார் யார் என்று கேட்டார்.

செல்வி என்னைக் கை காட்டினாள்.

வீட்டுக்கு வந்து காலண்டரைப் பார்த்தேன். ஒரு காகிதத்தில் நான் கையெழுத்துப் போட்டு அன்றோடு ஒரு வருசம். நம் குஷன் தொழிலாளர் சங்கத்து ஆயுதபூஜை மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் பெரியம்மா என்று பாண்டி வாராவாரம் போனில் கேட்கிறான். பாண்டி என் கொழுந்தன் மகன். திண்டுக்கல்லில், வத்தலக்குண்டு ரோட்டில் இருக்கிற எங்கள் குஷன் கடையை இப்போது அவன்தான் பார்க்கிறான். சரி, இதையே எழுதுகிறேன் என்று உட்கார்ந்துவிட்டேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருக்கிற ஊர்ப்பெயர்கள்தான். நத்தம், நிலக்கோட்டை, செம்பட்டி என்று எழுத்துக்கூட்டிப் பழகினேன். எழுத்தில் தப்பிருந்தால் அச்சடிக்கிறவர்கள் திருத்திக்கொள்ளவும். விசயத்தைத் திருத்த வேண்டாம்.

2

நம் ஊரில் வண்டி வேலை என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பத்து வருசம் ஓடிய பஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். முன்பக்கத்துக்குப் புது மாடல் முகம் கட்டு, புது ரெக்சின் போடு, பழனிக்குக் கூட்டம் போகிறதுக்குள் முடித்துக் கொடு என்பார்கள். பழசைப் புதுசாகக் காட்டுவதுதான் வேலை. நாற்பது வருசம் அதைத்தான் செய்தோம். என் வீட்டுக்காரர் முன்னால் நின்று அளவெடுத்தார், துணி வெட்டினார், பேசினார். நான் உள்ளே உட்கார்ந்து தைத்தேன். போர்டில் அவர் பெயர், பில் புத்தகத்தில் அவர் பெயர். தையல் என்னுடையது. திண்டுக்கல்லிலிருந்து நத்தத்துக்கு மாங்காய் ஏற்றப்போன லாரிக்காரர்கள் எத்தனையோ பேர் என் தையல் மேல் உட்கார்ந்துதான் போனார்கள். அவர்களுக்கு அது தெரியாது.

அப்படி இருந்தவளிடம், நான் மெல்பர்ன் வந்து மூன்றாம் வருசம், செல்வி கார் கொட்டகைக்குக் கூட்டிப்போய் ஒரு காரைக் காட்டினாள். ஜெர்மன் நாட்டுக் கார். ரெண்டே கதவு, தவளை மாதிரி தரையோடு படுத்திருந்தது. இஞ்சின் பின்னால், டிக்கி முன்னால். இதைப் பன்னிரண்டு வருசம் முந்தின மாடலாக மாற்றப்போகிறேன் என்றாள்.

"பழசாக்கவா?" என்றேன்.

"ஆமாம்மா."

"எனக்கு எழுபது. என்னைய எம்பத்திரெண்டாக்க யாராச்சும் காசு குடுப்பாகளாத்தா?"

அவள் சிரித்துவிட்டு, கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். அந்த முந்தின மாடல். மெல்லிசாக ஒரு வெள்ளிப் பட்டைதான் பம்பர். முன்பக்க மூடி நீளமாக மூக்கு வரை இறங்கியிருந்தது. பின்னால் இறக்கை ஏதும் இல்லை. பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

செல்விக்கு அப்போது எட்டு வயது. கொடைக்கானல் எஸ்டேட்காரர் ஒருவர் மலையிலிருந்து அந்தக் காரை ஓட்டிக்கொண்டு வந்து எங்கள் கடையில் விட்டார். சீட்டை எலி கடித்துவிட்டது, பிரித்துத் தைக்க வேண்டும் என்றார். இரண்டு நாள் கடையில் நின்றது. மலைக்கோட்டைக்குக் கீழே இருக்கிற பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். செல்வி அந்த இரண்டு நாளும் பள்ளிக்கூடம் போகவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு சீட்டு இல்லாத வெறுந்தகரத்தில் உட்கார்ந்திருந்தாள். சோறு அங்கேயே போனது. சீட்டு என் மடியில் இருந்தது. அதைப் பிரித்தவள் நான். உள்ளே நம் ஊர் தேங்காய் நார் மாதிரியே நார், ரப்பர்ப்பால் விட்டு இறுக்கியது. ஜெர்மனிக்காரனும் நாரைத்தான் வைக்கிறான் என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிச் சிரித்தது ஞாபகம் இருக்கிறது.

அந்த அசல் மாடல் இன்றைக்கு வேண்டுமென்றால் வீட்டை விற்க வேண்டும். அதனால் தம்பி மாடலை வாங்கி அண்ணன் மாதிரி ஆக்குவது. இந்த நாட்டில் இப்படிச் செய்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்களாம்.

3

ஒன்றைச் சொல்லாமல் இதை எழுதினால் பாதி எழுதின மாதிரி. செல்விக்குப் பன்னிரண்டு வயது வரைக்கும் கடைதான் வீடு. ஸ்பேனர் எண் எல்லாம் வாய்ப்பாடு மாதிரி சொல்லுவாள். வயதுக்கு வந்த மறுநாளிலிருந்து கடைப்பக்கம் வரக்கூடாது என்று என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். டிரைவர்களும் கிளீனர்களும் வந்துபோகிற இடம், அவர் சொன்னதில் தப்பு இல்லை என்று எல்லாரும் சொன்னார்கள். செல்வி என் முகத்தைப் பார்த்தாள். நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். கோத்து முடித்த பிறகும் நிமிரவில்லை. அம்புட்டுத்தான் நடந்தது.

பிறகு அவள் மருந்தாளுநருக்குப் படித்தாள், ஒட்டன்சத்திரத்துப் பையனைக் கட்டிக்கொண்டாள், இங்கே வந்துவிட்டாள். அவர் போய்ச் சேர்ந்ததும் என்னையும் அழைத்துக்கொண்டாள்.

இங்கே வந்தால் முதலில் நிரப்ப வேண்டியது விண்ணப்பப் பாரம்தான். ஏர்போர்ட்டில் ஒன்று, ஆஸ்பத்திரியில் ஒன்று, விசாவுக்கு எத்தனையோ. எல்லாவற்றிலும் தொழில் என்று ஒரு கட்டம் இருக்கும். செல்வியோ மாப்பிள்ளையோ என்னைக் கேட்காமலே 'இல்லத்தரசி' என்று எழுதிவிடுவார்கள். நான் கையெழுத்துப் போடுவேன். ஒருதரம் விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறந்து, குஷன் ஓரம் தைக்கிற வளைவு ஊசியை எடுத்துத் தூக்கிப் பிடித்து இது என்ன என்று கேட்டார்கள். பெயர் சொல்ல இங்கிலீசு வரவில்லை. என் சேலைத் தலைப்பில் தைத்துக் காட்டினேன். விட்டுவிட்டார்கள்.

பேரன் சிட்னியில் படிக்கிறான். ஞாயிற்றுக்கிழமை போனில் வருவான். "பாட்டி, சாப்டியா?" என்பான். நான் சாப்பிட்டேன் என்பேன். அதற்கு மேல் அவனிடம் தமிழ் இல்லை, என்னிடம் இங்கிலீசு இல்லை. இரண்டு பேரும் செத்த நேரம் சிரித்துவிட்டு வைத்துவிடுவோம். செல்வியும் காரோடு பேசும்போது இங்கிலீசில்தான் பேசுவாள். போல்ட் இறுகிக்கொண்டால் திட்டுவதற்கு மட்டும் திண்டுக்கல் வரும்.

4

மூன்று வருசம் அந்தக் கொட்டகையில் வேலை நடந்தது. மருந்துக்கடையிலிருந்து வந்து, சட்டையை மாற்றிக்கொண்டு நேரே அங்கே போய்விடுவாள். தடித்த பம்பரைக் கழற்றி மெல்லிசு வைத்தாள். முன் மூடியை மாற்றினாள். பின் இறக்கையை எடுத்து ஓட்டையை அடைத்தாள். விளக்கு, கதவுக் கைப்பிடி, சக்கரம் ஒவ்வொன்றாக அண்ணன்காரனுடையதாக ஆனது. மாப்பிள்ளையின் கார் மூன்று வருசமும் வெயிலிலும் ஆலங்கட்டி மழையிலும் வெளியே நின்றது. அவர் தங்கமான மனுசன். ஆனாலும் மனுசன்தானே. இரண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். இப்படி மாற்றின காரை ரோட்டில் விட ஒரு இன்ஜினியர் பார்த்துச் சான்று எழுதித் தர வேண்டும். நம் ஆர்டிஓ ஆபீசில் எப்.சி. காட்டுகிற மாதிரி. அதில் இரண்டு தடவைக்குள் தேறினால் கார் இருக்கும், இல்லாவிட்டால் விற்றுவிடுவது.

முதல் தடவை தேறவில்லை.

எல்லாம் சரி, சீட்டுத்தான் தப்பு. அண்ணன் மாடலில் சீட்டு தோளோடு முடிந்துவிடும், தலைக்கு ஹெட்ரெஸ்ட் கிடையாது. செல்வி அதே மாதிரி சீட்டை அமெரிக்காவிலிருந்து வரவழைத்து மாட்டியிருந்தாள். முகத்தை எந்த வருசத்துக்கு வேண்டுமானாலும் மாற்றிக்கொள், சட்டம் வண்டி பிறந்த வருசத்தைத்தான் பார்க்கும், பிறந்த வருசச் சட்டப்படி ஹெட்ரெஸ்ட் கட்டாயம் என்று இன்ஜினியர் எழுதிக் கொடுத்துவிட்டார். இரண்டாம் தடவைக்கு ஒரு மாதம் தவணை.

அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் மாப்பிள்ளை என்னிடம்தான் பேசினார். மகளிடம் நேராகச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

"ஏனுங்க அத்தை, நான் ஒண்ணும் கட்டாயப்படுத்தலீங்க. அவளே ஒத்துக்கிட்டதுதானுங்க. வாங்கறதுக்கு ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்கறாருங்க."

செல்வி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "ஹெட்ரெஸ்ட் வச்ச பழைய சீட்ட மாட்டினா அது அந்தக் காரே இல்ல. இன்னொரு தடவையும் தோக்குறதுக்கு வித்துரலாம்" என்றாள். பன்னிரண்டு வயதில் என்னைப் பார்த்த அதே பார்வையை எதிர்பார்த்து நான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். அவள் என் பக்கம் பார்க்கவே இல்லை. அது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் காலையில் வழக்கம்போலப் பின்வாசலில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்தேன். நான் உட்கார்ந்திருந்தது எதில் என்றால், அந்தக் காரிலிருந்து முதலில் கழற்றிப் போட்ட சீட்டில். குப்பை வண்டிக்கு வைத்திருந்த சோடியை, நல்ல இரும்புச் சட்டம், இதைப் போய் எறிகிறாளே என்று நான்தான் இழுத்து வந்து பின்வாசலில் போட்டேன். வெங்காயச் சருகு அதன் சந்தில் எல்லாம் நிறைந்திருந்தது. தலையைச் சாய்த்தேன். ஹெட்ரெஸ்டில் இடித்தது.

வெங்காயத்தைக் கீழே வைத்தேன். கத்தியால் சீட்டின் முதுகைக் கிழித்தேன்.

5

நான் நினைத்தது சரிதான். சீட்டு உயரமாகத் தெரிந்தது பஞ்சால். உரித்துப் பார்த்தால் இரும்புச் சட்டம் தோளோடு நின்றது. அதன் மேல் இரண்டு கம்பியில் ஹெட்ரெஸ்ட் தனியாகச் செருகியிருந்தது. இரும்புச் சட்டம் இந்தக் காரோடு பிறந்தது, அரசாங்கச் சட்டத்துக்குப் பிறந்த தேதி சரி. அதன் மேல் போடுகிற சட்டை எந்த வருசத்துத் தையலாக இருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? ஹெட்ரெஸ்டின் உள் இரும்பைத் தொடாமல், மேல் பஞ்சை மட்டும் குறைத்து ஒல்லியாகத் தைத்துவிட்டால் பார்வைக்கும் உறுத்தாது.

செல்வி வேலையிலிருந்து வந்தபோது பின்வாசல் முழுக்கப் பஞ்சு.

"என்னம்மா பண்ற?"

"ஒனக்கு சீட்டுத் தைக்கிறேன்."

"இது லாரி சீட்டு இல்லம்மா."

"இந்தச் சீட்டை நீ வெளியில இருந்துதான் பாத்துருக்க. நான் உள்ள பாத்துருக்கேன். போய்க் காப்பி போடு."

நார் வேண்டும் என்று பாண்டிக்குச் சொன்னேன். அனுப்பினான். தாவரப் பொருள், பூச்சி இருக்கலாம் என்று இங்கே தடுத்து நிறுத்தி, நான்கு பக்கத்தில் கடிதம் அனுப்பினார்கள். சரி, இங்கேயே வாங்கலாம் என்று தெருமுனைக் கடைக்குத் தனியாகப் போனேன். நாருக்கு இங்கிலீசு தெரியாமல், தெரிந்த இரண்டு வார்த்தையை ஒட்டி 'கோகனட் ஹேர்', தேங்காய் முடி, வேண்டும் என்று கேட்டேன். அந்தப் பெண் மரியாதையாகக் கூட்டிப்போய் தலைக்குத் தேய்க்கிற எண்ணெய் வரிசையில் நிறுத்தினாள். கடைசியில் கிடைத்தது செடி விற்கிற கடையில். இங்கே பூத்தொட்டிக்குள் விரிக்கத் தேங்காய் நாரை முறம் மாதிரி அச்சாக விற்கிறார்கள். இருபது வாங்கினோம். அத்தனையையும் பிரித்து உதறி, ரப்பர்ப் பசை விட்டு அடுக்கினேன். கனத்த துணி தைக்கிற பழைய மிஷின் ஒன்றைச் செல்வி தேடி வாங்கி வந்தாள். ஓரங்களை மட்டும் மிஷினுக்குக் கொடுக்கவில்லை. வளைவு ஊசியால் கையாலேயே போட்டேன்.

முதல் சீட்டில் ஒரு தப்புச் செய்தேன். நம் ஊர்ப் பழக்கம். பஸ் முதலாளி வந்து கையால் அமுக்கிப் பார்ப்பார். குஷன் புசுபுசுவென்று இருந்தால்தான் முகம் மலர்வார். என் கை அந்தப் புசுபுசுப்பிலேயே போய் நின்றுவிட்டது. மாட்டி, செல்வி ஏறி உட்கார்ந்தாள். தலை கூரையில் இடித்தது.

"கல்யாண மேடை நாற்காலியாட்டம் இருக்கும்மா" என்று உள்ளேயிருந்து சொன்னாள். கழுத்தை வளைத்துக்கொண்டு சிரித்தாள். அந்தக் கொட்டகையில் அவள் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

எல்லாத் தையலையும் பிரித்து இரண்டு விரல்கடை இறக்கினேன். நடுவில் வரி வரியாக வருகிற தையலுக்குப் படத்தைப் பார்த்து அளவு சொன்னாள். அப்படி இல்லை, ஓரத்து வரி இரண்டும் ஒடுக்கமாக வரும் என்றேன். படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தாள். ஒடுக்கம்தான். நாற்பது வருசத்துக்கு முன்னால் இரண்டு நாள் என் மடியில் கிடந்த சீட்டு. விரல் மறக்கவில்லை.

6

இரண்டாம் தடவை காட்டப் போன அன்று நானும் போனேன். இன்ஜினியர் கிரேக்க நாட்டிலிருந்து சின்ன வயதில் வந்தவராம். தலை முழுக்க நரை. காரைச் சுற்றி வந்து, கதவைத் திறந்து, அப்படியே நின்றுவிட்டார். இது என்ன என்று கேட்டார்.

சீட்டு இரண்டுக்கும் நான் பாலிதீன் உறை போட்டுக் கொண்டுவந்திருந்தேன். கொட்டகையில் தூசி, வழியில் தூசி, புதுச் சீட்டை எப்படி வெறுமனே கொண்டுபோவது? செல்வி காலையில் பார்த்துவிட்டு எடுத்துவிடும்மா என்று கெஞ்சினாள். நான் எடுக்கவில்லை. இப்போது அவள் முகம் சிவந்துவிட்டது. எங்கள் அம்மா போட்டது என்று ஏதோ முணுமுணுத்தாள்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அவர் சொல்லச் சொல்லச் செல்வி தமிழில் சொன்னாள்: "அவுக அம்மாவும் சோபாவுக்கு இப்பிடித்தான் பிளாஸ்டிக் போட்டு வச்சுருந்தாகளாம். இருவது வருசம் கழட்டவே இல்லையாம். பாதிரியார் வந்தா மட்டும் எடுப்பாகளாம்."

ஆனால் எடுத்தால்தான் பார்க்க முடியும் என்றார். எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு, பாண்டிக்குத் தெரியும். தைத்தவர் உறையைக் கிழிக்க மாட்டோம். வண்டிக்குச் சொந்தக்காரர்தான் கிழிக்க வேண்டும்.

"நீ கிழி ஆத்தா" என்றேன்.

"நான் எதுக்கு, நீயே எடு."

"வண்டி யாருது?"

அவள் குனிந்து, முனையைப் பிடித்து ஒரே இழுப்பில் கிழித்தாள். சத்தம் அந்தப் பட்டறை முழுக்கக் கேட்டது. கிழித்துவிட்டு என்னைப் பார்த்தாள். இந்தத் தடவை நான் நிமிர்ந்தே இருந்தேன்.

அவர் முக்கால் மணி நேரம் பார்த்தார். ஹெட்ரெஸ்டைப் பிடித்து முழு பலத்தோடு இழுத்தார். கழற்றிக் கம்பியை அளந்தார். டார்ச் அடித்துச் சட்டத்தின் அடியில் கம்பெனி அடித்த எண்ணைப் படித்தார். சீட்டில் உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்தார். வேலைக்காக உட்கார்ந்தது முதல் தடவை. இரண்டாவது தடவை சும்மா உட்கார்ந்தார். அது எனக்குத் தெரியும், நாற்பது வருசம் பார்த்திருக்கிறேன்.

பிறகு மேசைக்குப் போய் எழுதினார். தேறிவிட்டது. செல்வி காரின் கூரையில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

சான்றோடு இன்னொரு காகிதம் இருந்தது. எந்த வேலையை யார் செய்தது என்று எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டுமாம். பம்பர், மூடி, விளக்கு எல்லாவற்றுக்கும் செல்வி போட்டாள். சீட்டுக்கும் அவளே போடப்போனாள். பழக்கம். அவர் பேனாவை வாங்கி என்னிடம் நீட்டினார். தமிழில் போடலாமா என்று கேட்கச் சொன்னேன். எந்தப் பாசையிலும் போடலாம் என்றார். பேச்சியம்மாள் என்று முழுசாக எழுதினேன். ச்சி எழுதும்போது புள்ளி வைத்துவிட்டுச் செத்த நேரம் நிறுத்தினேன். யாரும் அவசரப்படுத்தவில்லை.

பக்கத்தில் தொழில் என்று ஒரு கட்டம். செல்வியிடம் பேனாவைக் கொடுத்தேன்.

"என்னம்மா எழுத?" என்று கேட்டாள். இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து முதல் தடவையாகக் கேட்டாள்.

"குஷன் தைக்கிறவள்னு எழுது."

7

அன்று சாயங்காலம் மாப்பிள்ளை கொட்டகை வாசலில் நின்றார். செல்வி ஓட்டுகிறாள், நான் பக்கத்தில். பின்சீட்டு பூனை படுக்கிற அளவுதான். நான் இறங்கப் போனேன்.

"நீங்க உக்காருங்க அத்தை, உங்க சீட்டுங்க அது. நான் பின்னால முடங்கிக்கறனுங்க" என்று அந்த ஆறடி மனிதர் முழங்காலைத் தாடையில் வைத்துக்கொண்டு மடங்கி உட்கார்ந்தார். கடற்கரை வரை போய்வந்தோம். வாங்கக் கேட்டவருக்கு அங்கிருந்தே அவர்தான் போன் போட்டு இல்லை என்று சொன்னார்.

பாண்டி, இதோடு அந்தக் காகிதத்தின் நகல் ஒன்று வைத்திருக்கிறேன். இங்கிலீசில் இருக்கும், என் கையெழுத்து மட்டும் தமிழ். கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டு. உள்ளே, தையல் மிஷின் பக்கம் வேண்டாம். வாசலில், பெரியப்பா பெயர் இருக்கிற போர்டுக்குப் பக்கத்தில் மாட்டு. போர்டில் அவர் பெயர் அப்படியே இருக்கட்டும். வண்டி கொண்டுவருகிறவர்கள் இரண்டையும் படிக்கட்டும்.